கடைக்கண்டத்துச் சாச்சி

எங்கள் பக்கத்தில் வயற்காணி பெரும்பாலும் பெண்களின் பெயரில்தான் இருக்கும். சீதனமாகக் கொடுத்தது. உறுதிப் பத்திரத்தில் பெண்ணின் பெயர், வரம்பில் மாப்பிள்ளையின் கால், கூட்டத்தில் மாப்பிள்ளையின் வாய். இந்த ஏற்பாட்டை யாரும் கேள்வி கேட்டதில்லை. கடைக்கண்டத்துச் சாச்சி கேட்டார் என்றும் சொல்ல முடியாது. ஒரு நாள் கூட்டத்துக்கு வந்து முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

நான் அப்போது கல்முனைக்கு அருகே விவசாயிகளின் அலுவல்களைப் பார்க்கும் ஒரு கந்தோரில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். கூட்டங்களில் யார் என்ன சொன்னார்கள் என்று கூட்டறிக்கை எழுதுவது என் வேலை. அன்று மண்டபத்தில் நூறு சாரம், ஒரு முக்காடு. விவசாய அமைப்பின் தலைவரான போடியார் தொண்டையைச் செருமினார். வாய்க்கால் முதலில் தொடும் மேட்டு நிலத்தில் முப்பது ஏக்கர் வைத்திருந்தவர் அவர்.

"என்ன புள்ள, மாப்பிள வரல்லயா?"

"அவர் ஆட்டோ ஓடப் போயிட்டார்."

"காணி விசயம். அவர அனுப்பியிருக்கலாமே."

"அவர் கலியாணம் முடிச்சதே காணியத்தான். நான் அதோட சேந்து வந்தவள். இவ்வளவு காலமும் அவர் கதைச்சார். இனி நானும் காணியும் நேர கதைக்கிறம்."

மண்டபம் சிரித்தது. போடியார் சிரிக்கவில்லை. இதைக் கூட்டறிக்கையில் எப்படி எழுதுவது என்று தெரியாமல், 'வரவேற்புரை இடம்பெற்றது' என்று எழுதினேன்.

அவருக்கு நாலு ஏக்கர். வாய்க்கால் முடியும் இடத்தில், மேலே உள்ளவர்கள் எல்லோரும் எடுத்து மிஞ்சியது வந்து சேரும் கடைக்கண்டத்தில். அதனால் அவரைவிட மூத்தவர்களுக்கும் அவர் சின்னம்மா முறையில் கடைக்கண்டத்துச் சாச்சிதான். ஒல்லியான ஆள். கறுப்பு அபாயாவின் ஓரத்தில் ஒரு சாண் உயரத்துக்குச் சேறு காய்ந்திருக்கும். கலியாண வீட்டுக்கு உடுத்தும் அபாயாவிலும் அது இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றைச் சொன்னால் அவர் நம்ப மாட்டார், மறுக்கவும் மாட்டார். போய்ப் பார்ப்பார். இதுதான் அவரிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் என்று அவருடைய கணவர் சொல்லுவார். மீன்காரன் ஒருவன் ஒரு நாள் கடல் கொந்தளிப்பு, தோணி இறங்கவில்லை என்று சொல்லி, நேற்றைய மீனை இன்றைய மீன் போல விற்றிருக்கிறான். இவர் பையை அவனுடைய பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கடற்கரைக்கு நடந்திருக்கிறார். திரும்பி வந்து சொன்னாராம்: "கடல் படுத்துக் கெடக்கு. நீங்க ஏன் வரல்ல என்டு கேக்குது." எங்கள் சாய்ந்தமருதில் அந்த ஆள் பிறகு வேறு தெருவால் சுற்றித்தான் மீன் விற்றான்.

குழாய்த் தண்ணீர் நின்றால் தெருவே கந்தோரைத் திட்டும். இவர் குழாய் போகும் வழியே நடப்பார். இரண்டு தெரு தள்ளி, சாச்சியின் சொந்தக்காரர் ஒருவர் வீடு கட்டும்போது லொறி ஏற்றி உடைத்த குழாயில் வாத்துகள் குளித்துக்கொண்டிருக்கும். அந்தச் சொந்தக்காரர் அவரோடு ஒரு வருடம் கதைக்கவில்லை. "அது வேற நல்லது" என்றார் சாச்சி.

ஒரு மாரியில் மழை பிந்தியது. விதைத்த நெல் முளைத்து, முளைத்ததற்காக வருத்தப்பட்டுக்கொண்டு நின்றது. மைதானத்தில் மழைத் தொழுகை வைத்தார்கள். அதற்கு முதல் நாள் சாச்சி எங்கள் கந்தோருக்கு வந்து கிறீஸ் கேட்டார். வாய்க்கால் கதவு துருப்பிடித்துப் பல வருடமாம், நாலு பேர் சேர்ந்தாலும் திறக்க ஏலாதாம்.

"துஆ கேக்கத்தான் வேணும் மகன். ஆனா அல்லாஹ் தந்தா வாங்கிறதுக்கு நம்மட கதவு திறக்கணுமே."

கிறீஸ் எங்களிடம் இருக்கவில்லை. கணவரின் ஆட்டோவில் இருந்ததை எடுத்துப் பூசினார். தொழுகையிலும் கலந்துகொண்டார். மழை வரவில்லை. குளத்துத் தண்ணீரில் ஒருவாறு பயிர் தேறி, மூன்று மாதம் கழித்து அறுவடைக்கு மெஷின் இறங்கிய அன்று, ஒரு பின்னேரத்தில் மழை மொத்தமாக வந்து கதிர்களையெல்லாம் படுக்க வைத்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சாச்சி சொன்னார்: "நம்மட விண்ணப்பம் கொஞ்சம் சுணங்கிப் போய்ச் சேந்திரிக்கி."

அந்த வருடங்களில்தான் எங்கள் கந்தோருக்கு 'காலநிலை மாற்றம்' என்ற சொல் வந்து சேர்ந்தது. வந்ததும் எல்லோருக்கும் பிடித்துப்போனது. வாய்க்கால் துப்புரவு செய்யாததற்கும் அதுதான் காரணம், கதவு உடைந்ததற்கும் அதுதான் காரணம், உரம் பிந்தியதற்கும் அதேதான். பெரிய அதிகாரி ஒரு கூட்டத்தில் அதை ஏழு தடவை சொன்னார். சாச்சி எழுந்தார்.

"சேர், இந்தக் காலநிலை மாற்றம் என்ட ஆள் புதுசா மாற்றலாகி வந்திரிக்கார் போல. எந்தக் கந்தோர்ல இரிக்கார் என்டு சொல்லுங்க. நான் போய்ப் பாக்கணும்."

அதிகாரியும் சிரித்துவிட்டார். சாச்சி சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே போய்ப் பார்க்கத்தான் கேட்டிருக்கிறார் என்பது எனக்கு அடுத்த மாசியில்தான் விளங்கியது.

அந்த மாரியும் மழை பொய்த்தது. குளத்துத் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். கடைக்கண்டத்தின் முறை ஒரு வியாழக்கிழமை. வியாழன் வந்தது, தண்ணீர் வரவில்லை. வெள்ளி காலை சாச்சி கந்தோர் வாசலில் நின்றார். பின்னால் ஆட்டோவில் கணவர், வாழ்க்கையில் எதையும் எதிர்பார்க்காத முகத்தோடு.

"மகன், மோட்டச்சைக்கிள எடுங்க. வாய்க்காலோட மேல போறம். ஒரு கந்தோர்ப் பேனை கூட வந்தா ஆக்கள் ஒழுங்காக் கதைப்பாங்க."

ஆட்டோ முன்னால், நான் பின்னால், வாய்க்கால் கரைக்கட்டில் ஏறினோம். பத்து நிமிடத்தில் முதல் தடை. எங்கள் ஊர் எல்லையிலேயே, மதகின் வாயில், தண்ணீர் ஒரு மெத்தைக்குப் பின்னால் தேங்கி நின்றது. உண்மையான மெத்தை. அதோடு சேர்ந்து பொலித்தீன் பைகள், கலியாண மண்டபத்துச் சாப்பாட்டுப் பெட்டிகள், குழந்தைகளின் பம்பர்ஸ். சாச்சி இறங்கி நின்று பார்த்தார்.

"மேல உள்ளவன் மறிக்கான் மறிக்கான் என்டு நாம சத்தம் போடுறம். மறிக்கிறது நம்மட மூத்திரத் துணி."

மூன்று பேரும் சேர்ந்து மெத்தையை இழுத்தோம். பேனை கூட வருவதன் பொருள் எனக்கு அப்போது தெரிந்தது. தண்ணீர் போனது, ஆனால் கணுக்கால் அளவுதான். இன்னும் மேலே போனோம். இரண்டாவது தடை போடியாரின் காணி. வாய்க்கால் கரையை வெட்டி, வயலுக்குத் தண்ணீர் பாயும் வக்கடை திறந்திருந்தது. முறை இல்லாத நாளில் தண்ணீர் நிம்மதியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பம்பும் ஓடியது. வரம்பில் நின்ற போடியார் என்னைப் பார்த்துவிட்டு, "எலி தோண்டியிருக்கும் தம்பி" என்றார்.

"பம்பும் எலிதான் வச்சிச்சா?" என்று சாச்சி கேட்டார். கேட்டுவிட்டு மண்வெட்டியை வாங்கித் தானே வக்கடையைக் கட்டினார்.

ஊரோடு முடிந்திருந்தால் கதை சுலபமாக இருந்திருக்கும். திருட்டைப் பிடித்தாயிற்று, திரும்பலாம் என்றேன். அவர் வாய்க்காலைக் காட்டினார். போடியாரின் காணிக்கு மேலேயும் தண்ணீர் பாதிதான் இருந்தது.

சிங்களக் குடியேற்றத்துக்குள் போனோம். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அங்கேதான் தண்ணீர் முழுவதும் இருக்கிறது என்று. போய்ப் பார்த்தவர் யாருமில்லை. ஒரு கிளை வாய்க்காலின் அடியில் சாச்சியின் வயதுள்ள ஒரு பெண், வாளியும் கோப்பையும் வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். பயிற்றங்கொடிக்குக் கோப்பையால் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஏதும் கேட்காமலே கையை விரித்தார். "வத்துர நே."

தண்ணீர் இல்லை என்பதற்கு எங்கள் ஊரில் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவையில்லை. சாச்சியும் அதே மாதிரிக் கையை விரித்தார். "எங்களுக்கும் நே." கிளம்பும்போது அந்தப் பெண் ஒரு கட்டுப் பயிற்றங்காய் கொடுத்தார். அதைக் கொடுத்ததுதான் பிறகு பிரச்சினையாயிற்று.

மத்தியானம் தாண்டி, பெரிய குளம் இருக்கும் இங்கினியாகலைக்குப் போய்ச் சேர்ந்தோம். மாசி மாதத்தில் அந்தக் குளம் கடல் மாதிரி இருக்க வேண்டும். அணைக்கட்டில் ஏறிப் பார்த்தால் தண்ணீர் எங்கேயோ தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. இடையில் புல். புல்லில் எருமைகள். அவற்றுக்கும் அப்பால் யானைகள். குளம் கட்டும் காலத்தில் மூழ்கிய காட்டின் மரக்கட்டைகள் ஆங்காங்கே தலை நீட்டிக்கொண்டிருந்தன. சாச்சி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தார். நானும் போனேன். கணவர் ஆட்டோவுக்குள் இருந்துகொண்டே யாசீன் ஓதினார், யானைக்காக.

தண்ணீரின் விளிம்பில் அவர் காலை நனைத்தார். குனிந்து அடியில் கையை விட்டு ஒரு பிடி சேறு எடுத்துப் பார்த்தார். எங்களைத் திட்டிக்கொண்டே பின்னால் ஓடி வந்த அணைக்கட்டுக் காவலாளி, அவரைப் பார்த்ததும் திட்டை நிறுத்திவிட்டார். ஓரளவு தமிழ் தெரிந்த மனிதர்.

"மழை முந்தி மாதிரி இல்லை அம்மா. வராது. வந்தா ஒரே நாளில வரும். அந்த மலையில மரம் இல்லை, மண் எல்லாம் கழுவிக்கொண்டு இதுக்குள்ள வரும். தண்ணி நிக்கிற இடத்தில இப்ப மண் நிக்குது."

"அந்த மலை யார்ட?" என்று சாச்சி கேட்டார்.

காவலாளி தோளைக் குலுக்கினார். "எல்லாருக்கும்."

வரும் வழி முழுவதும் சாச்சி கையில் காய்ந்த சேற்றை உதிர்த்தபடி மலைப் பக்கமே திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார். கணவர் பயந்துபோய் இரண்டு தடவை ஆட்டோவை நிறுத்தி, சுகமில்லையா என்று கேட்டார்.

சித்திரையில் சிறுபோகத்துக்கான கூட்டம். தேர்தல் நெருங்கிய காலம். முழு வயல் வட்டையும் விதைக்கத் தண்ணீர் தரப்படும் என்று மேலிடத்தில் யாரோ யாருக்கோ வாக்குக் கொடுத்திருந்தார்கள். அதிகாரி வந்து அதை வாசித்தார். மண்டபம் கைதட்டியது. எல்லோரும் சாச்சியைப் பார்த்தார்கள். கடைக்கண்டத்துக்கும் தண்ணீர் வேண்டும் என்று அவர் வழக்கம்போலச் சண்டை பிடிக்க வேண்டிய இடம் அது.

அவர் எழுந்து சொன்னார்: "தண்ணி இல்ல. நான் போய்ப் பாத்தன். முழுக்க விதைச்சா எல்லாற்ற வெள்ளாமையும் கருகும். மேல் பாதிய மட்டும் விதைப்பம். கீழ இரிக்கிற எங்களுக்கு மேல் காணியில ஒரு பங்கு தாங்க. பாதிச் சோறாவது மிஞ்சும்."

சத்தம் எழுந்தது. போடியார் இரண்டு கையையும் தூக்கி அமைதிப்படுத்தினார்.

"மேல போய் சிங்கள ஆக்களோட குசுகுசுத்து, பயித்தங்காயும் வாங்கிக்கிட்டு வந்தாக்கள் இப்ப நம்மள விதைக்க வேணாம் என்டு சொல்றாங்க. நம்மட தண்ணிய ஒரு கட்டுப் பயித்தங்காய்க்கு வித்தாச்சு."

கடைக்கண்டத்து ஆட்களே, அவர் வருடக்கணக்காக யாருக்காகச் சண்டை பிடித்தாரோ அவர்களே, அதிகமாகச் சிரித்தார்கள். சாச்சி சிரிப்பு அடங்கும் வரை நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "நான் சொன்னத எழுதுங்க மகன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

கூட்டம் முடிந்ததும் அதிகாரி என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று போடும்படி சொன்னார். நான் போட்டேன். எனக்குப் பதவி நிரந்தரமாகாத காலம் என்று இப்போது காரணம் சொல்லலாம். உண்மையில் அந்த நேரத்தில் நான் பெரிதாக யோசிக்கவேயில்லை.

எல்லோரும் விதைத்தார்கள். சாச்சி விதைக்கவில்லை. பச்சை வட்டைக்கு நடுவே அவருடைய நாலு ஏக்கர் மட்டும் மொட்டைத் தலை மாதிரிக் கிடந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் கதை சொன்னார்கள். மக்காவுக்கு உம்றாப் போகிறாராமே, காணிக்கும் இப்போதே தலை மழித்து வைத்திருக்கிறாராமே என்று. கதிர் வெளிவராமல் குடலையில் இருந்த நேரம் வாய்க்கால் வற்றியது. ஒரு கிழமை பம்பு வைத்துக் கிணறுகளை இறைத்தார்கள். கிணறுகளும் உப்புத் தட்டின. அடுத்த கிழமை பயிர் நின்றபடியே வைக்கோலாயிற்று. கடைசியில் மாடுகளை அவிழ்த்து விட்டார்கள்.

போடியார் தன் காணி வரம்பில் உட்கார்ந்திருந்தபோது சாச்சி அந்த வழியாக வந்தார். நானும் பயிர்ச்சேதம் எழுதுவதற்காக நின்றேன்.

"இப்ப ஒங்களுக்குச் சந்தோசமா இரிக்கா?" என்று போடியார் கேட்டார்.

"எனக்கும் சோறு இந்த வட்டையிலதான் வாறது" என்றார் சாச்சி. பிறகு அவரும் அதே வரம்பில், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். மாடுகள் தின்பதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேலிருந்து விசாரணை வந்தது. தண்ணீர் இல்லை என்று யாரும் சொல்லவில்லையா என்று கேட்டார்கள். கந்தோர் என் கூட்டறிக்கையைக் காட்டியது. அது சாச்சியின் காதுக்கும் போயிற்று. மறுநாள் வந்தார். கூட்டறிக்கைப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். மூக்குக்கண்ணாடியை அபாயாவில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஆறுதலாக, ஒவ்வொரு வரியாக வாசித்தார். 'ஏகமனதாக' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"மகன், நீங்க அண்டைக்கி இந்தக் கூட்டத்துக்கு வந்தீங்களா?"

அவர் ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வந்தேன் என்றால் பொய் எழுதினேன் என்று ஆகும், வரவில்லை என்றால் இன்னொரு பொய். பேனையை எடுத்து அந்தப் பக்கத்தின் ஓரத்தில் அவர் சொன்னதை, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதினேன். கீழே அன்றைய திகதியும் கையெழுத்தும் போட்டேன். சாச்சி வாசித்துவிட்டு, "பயித்தங்காயயும் எழுதுங்க. அதுவும் சொன்னதுதானே" என்றார்.

எழுதினேன். இரண்டு கிழமையில் எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அடுத்த மாதம் தூரத்து மாவட்டம் ஒன்றுக்கு இடமாற்ற உத்தரவு.

நான் போவதற்கு முன் ஒரு கூட்டம் மீதமிருந்தது. உத்தரவு நடைமுறைக்கு வர அடுத்த சித்திரை ஆயிற்று; அந்த மாரியும் மழை ஏமாற்றியிருந்தது. இந்த முறை சாச்சி மண்டபத்துக்கு வரவில்லை. ஊரில் பிரேதம் ஏற்றும் ஜனாஸா வண்டியைத் தவிர எல்லா வண்டிக்காரரிடமும் கேட்டு, ஒரு பழைய தனியார் பஸ்ஸைப் பிடித்துக்கொண்டு மண்டப வாசலில் நின்றார். கூட்டம் குளத்தில் நடக்கட்டும் என்றார். அதிகாரிக்கு முகம் சுருங்கியது. ஆனால் வெள்ளாமை கருகியவர்கள் ஒவ்வொருவராக பஸ்ஸில் ஏறினார்கள். புரியாணிப் பார்சலோடு ஏறியவர்களும் உண்டு. கடைசியாகப் போடியார் ஏறினார். முன் சீற்றில் இடம் இருந்தும் பின்னால் போய் இருந்தார்.

அணைக்கட்டில் இறங்கினோம். வெள்ளைச் சாரமும் வெள்ளைச் சேட்டுமாக முப்பது பேர் வெடித்த சேற்றில் நடந்தோம். நடக்க நடக்கத் தண்ணீர் வரவில்லை. போடியாருக்கு மூச்சு வாங்கியது.

"இன்னும் எவ்வளவு தூரம் புள்ள?"

சாச்சி நின்று சுற்றிப் பார்த்தார். ஒரு கறுத்த மரக்கட்டையைக் காட்டினார். அதை நாங்கள் ஏற்கனவே தாண்டியிருந்தோம். போடியாரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார்.

"தெரியா காக்கா. போன முற இந்தக் கட்டையிலதான் என்ட கால் நனைஞ்ச."

தண்ணீரைத் தொட்டபோது பின்னேர அசர் தொழுகை நேரம் ஆகிவிட்டது. அங்கேயே கைகால் கழுவி வுழூ எடுத்து அங்கேயே தொழுதார்கள். தொழுதுவிட்டு எழும்பாமல் அப்படியே கூட்டம் நடந்தது. மேல் பாதியை மட்டும் விதைப்பது, கீழ்ப் பாதிக்காரருக்கு அதில் பங்கு கொடுப்பது. அதில் அதிகம் இழப்பவர் போடியார்தான். அவர் கையைத் தூக்கிய பிறகு மற்றவர்களும் தூக்கினார்கள். முழங்காலில் புத்தகத்தை வைத்து எழுதினேன். 'ஏகமனதாக' என்ற சொல்லை எழுதும்போது என்னையறியாமல் நிமிர்ந்து சாச்சியைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார்.

அந்தப் போகம் பாதி வட்டை விளைந்தது. பாதிச் சோற்றை யாரும் கொண்டாடவில்லை, ஆனால் தின்றார்கள். சாச்சிக்குப் போடியாரின் காணியில் பங்கு விழுந்ததாம். இரண்டு பேரும் தினமும் சண்டையாம். சண்டை முடிந்ததும் போடியார் வீட்டிலிருந்து தேத்தண்ணி வருமாம்.

நான் போன இடத்தில் கலியாணம் முடித்து, பிள்ளைகள் பெற்று, பதவியும் நிரந்தரமாகி இருந்தேன். போன மாதம் சாச்சியின் குரல்பதிவு ஒன்று வந்தது. முழங்கால் வலி, கண்ணில் ஒப்பரேசன், எல்லாம் சொல்லிவிட்டு, "பதுளைப் பக்கம் போற பஸ் எத்தின மணிக்கி என்டு தெரியுமா மகன்?" என்று கேட்டிருந்தார். நான் அழைத்தேன்.

"அங்க என்ன சாச்சி?"

"மலை. அந்தக் குளத்துக்கு மண் எங்கிரிந்து வருது என்டு நான் இன்னும் பாக்கல்ல. அங்க மரம் நட்டா மண் நிக்குமாம். நடுறதுக்கு அனுமதி எடுக்கணுமாம். வெட்டினவன் யார்ட்ட அனுமதி எடுத்தான் என்டு கேட்டன், ஒருத்தரும் கதைக்கல்ல. போய்ப் பாத்துட்டு மறுகா கேக்கிறன்."

"தனியவா?"

"போடியார் காக்காவும் ரெண்டு மூணு பேரும் வாறாங்க. எழுதத்தான் ஆளில்ல."

இரண்டு நாள் லீவு போட்டேன். கல்முனை பஸ் நிலையத்தில் விடியற்காலையில் போய் ஏறியபோது, போடியார் பின் சீற்றில் தூங்கிக்கொண்டிருந்தார். சாச்சி தனக்குப் பக்கத்தில் கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார். மரியாதைக்காக ஜன்னலோரத்தை எனக்குத் தருவார் என்று நினைத்தேன். அவர் அசையவில்லை.

"பாக்கிறது நான்" என்றார். "நீங்க இஞ்சால இருந்து எழுதுங்க."